பன்னிரண்டு கிராம்

மார்ச் 3, திங்கள்

நான் செய்துவரும் மாதிரி ரயில் சரக்குப் பெட்டியின் ஒரு பக்கத் தகடு முடிந்தது. உண்மையான பெட்டியின் எண்பத்தேழில் ஒரு பங்கு. உடல் நீளம் சரியாகப் பதின்மூன்று சென்டிமீட்டர். கதவைச் சுற்றி முப்பத்தாறு ரிவெட்டுகள், அதாவது ஆணித் தலைகள். புகைப்படத்தில் இருமுறை எண்ணி உறுதி செய்துகொண்டேன். தகட்டின் பின்புறம் ஊசிமுனையால் அழுத்தினால் முன்புறம் ஒரு புள்ளி எழும். முதல் தகட்டில் முப்பத்து நான்காவது புள்ளி சற்றே விலகிவிட்டது. அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றில் முதலிலிருந்து தொடங்கினேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இதை யாரு உட்கார்ந்து எண்ணப் போறாங்க?"

"நான் எண்ணுவேன்."

"அதான் ஊருக்கே தெரியுமே."

அந்தக் குத்தல் ரிவெட்டைப் பற்றியது அன்று. அவளுடைய தம்பி இன்று வந்து போயிருக்கிறான். என் ஸ்கூட்டர் வாசலில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் இரண்டு வருடமாக வருகிறான்.

மார்ச் 6, வியாழன்

என் பக்க நியாயத்தை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

மாதிரி ரயில்கள் செய்து ஓட்டும் எங்கள் கிளப்பில் நான்தான் ஆய்வாளர். எடை குறைந்த பெட்டி வளைவில் தடம் புரளும். ஆகவே எந்த நீளத்துக்கு எவ்வளவு எடை வேண்டும் என்று நான்கு வருடங்களுக்கு முன் சோதனைகள் செய்து ஓர் அட்டவணை தயாரித்தேன். மைத்துனன் செயற்கைப் பல் செய்பவன். அவன் விரல்களின் நயம் எங்களில் எவருக்கும் கிடையாது. ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன் அவன் கொண்டுவந்த பெட்டி நூற்று மூன்று கிராம்தான் இருந்தது. அட்டவணைப்படி வேண்டியது நூற்றுப் பதினைந்து. "ஏற்கத்தக்கதன்று" என்று பதிவேட்டில் எழுதினேன்.

"அத்தான், ஒரு தடவை ஓட்டித்தான் பாருங்களேன்" என்றான்.

"ஓட்டிப் பார்ப்பது விதியில் இல்லை" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனவன்தான்.

உள்ளே பன்னிரண்டு கிராம் ஈயம் ஒட்ட ஐந்து நிமிடம் ஆகுமா? வீம்பு.

மார்ச் 9, ஞாயிறு

கடையிலிருந்து இணைப்புக் கொக்கிகள் இன்னும் வரவில்லை. காத்திராமல் உடலை அளந்து, அட்டவணைப்படி நூற்று மூன்று கிராம் வரும்வரை ஈயம் ஒட்டி, கூரையை மூடிவிட்டேன். பித்தளைக் கம்பியில் ஏணி வளைத்தேன். ஏழு படிகள். பழுப்புச் சிவப்பு வண்ணம் இரண்டு பூச்சு. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மார்ச் 15, சனி

கொக்கிகள் வந்தன. பொருத்தினேன். பிளாஸ்டிக்தான், தராசில் அரை கிராம்கூட ஏறவில்லை. பிறர் பெட்டிக்குச் செய்வதைப் போலவே என் பெட்டிக்கும் ஆய்வுப் படிவம் நிரப்பினேன். நீளம்: பதினைந்து சென்டிமீட்டர். தேவையான எடை: நூற்றுப் பதினைந்து. உள்ள எடை: நூற்று மூன்று.

இன்னொரு முறை அளந்தேன். அதே எண்.

போன வாரம் சரியாக இருந்த பெட்டி இந்த வாரம் எப்படித் தவறாகும்? பழைய சோதனைக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்திலேயே, என் கையெழுத்தில்: "நீளம் — உடல் மட்டும். கொக்கி நீங்கலாக."

ஆய்வு மேசையில் நான் அளந்தது கொக்கி முனையிலிருந்து கொக்கி முனை வரை. எல்லாப் பெட்டிகளையும். நான்கு வருடமாக. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் சம்பளம் வாங்குகிறவன்!

ஐயோ, அவன் பெட்டி சரியாத்தானே இருந்திருக்கு. எல்லார் முன்னாடியும் அவனை நிக்க வச்சு... கிளப் எஞ்சின் மேட்டுல ஏற முடியாம திணறினதுகூட இந்தக் கூடுதல் எடையாலதானா? மோட்டார் சரியில்லைன்னு அதைத் திட்டாத நாளில்லையே.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் திருத்த அறிவிப்பு எழுதினேன். "இனி நீளம் என்பது கொக்கி நீங்கலாக அளக்கப்படும்." அவ்வளவே. யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். என் அறிவிப்புகளை யாரும் படிப்பதே இல்லை.

மனைவி படித்தாள். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, காலியா விட்டிருக்கீங்க? நான் எந்த ஃபாரத்துலயாவது ஒரு கட்டம் விட்டா குதிப்பீங்களே."

தாளைக் கிழித்தேன்.

மார்ச் 17, திங்கள்

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மைத்துனனின் பட்டறைக்குப் போனேன். மேசை முழுவதும் மெழுகில் பல்வரிசைகள். ஒரு கடைவாய்ப்பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"என்ன அத்தான், பல்வலியா?"

வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் எங்கோ போய்விட்டன. குறிப்பேட்டைப் பிரித்து அவன் முன் வைத்தேன். "நான் தப்பா அளந்துட்டேன்" என்றேன்.

படித்தான். இயந்திரத்தை நிறுத்தினான்.

"கொக்கியோட சேர்த்து அளக்கறீங்கன்னு எனக்கு அன்னிக்கே தோணுச்சு."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா? அதனாலதான் ஓட்டிப் பாருங்கன்னேன்."

அந்தப் பெட்டியை ஏற்க வேண்டும், கொடு என்றேன்.

"அதையா? அன்னிக்கு ராத்திரியே உடைச்சுட்டேன். சக்கரம் மட்டும் ஏதோ டப்பாவுல கிடக்கு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலும் சொல்லப்போவதாகக் கூறினேன்.

"எழுதி வச்சுப் படிப்பீங்களா?"

"எழுதித்தான்."

சிரித்துவிட்டான். ஆனால் வருவதாகச் சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

படித்தேன். ஒன்றரைப் பக்கம்.

கிளப் தலைவர் மருந்துக் கடைக்காரர். "அப்போ அந்த எஞ்சினை மூணு தரம் பிரிச்சுப் போட்டோமே, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல்: "அடிஸ்கேலே வளைஞ்சு போச்சுய்யா!" என் பட்டப்பெயர் அது என்று எனக்குத் தெரியாது என நினைத்திருக்கிறார்கள்.

பதினாறு பெட்டிகளின் கூரையையும் நெம்பித் திறந்து, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு கிராம் ஈயம் பெயர்த்தோம். பிறகு மேட்டில் ஓட்டினோம். எஞ்சின் ஒருமுறைகூட வழுக்கவில்லை. வளைவில் எதுவும் புரளவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

மைத்துனன் பெட்டியின் பழைய பதிவை ஒற்றைக் கோட்டால் அடித்து, அருகே எழுதிக் கையொப்பமிட்டேன்: "ஏற்கப்பட்டது. பிழை ஆய்வாளருடையது."

மைத்துனன் வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

அந்தப் பக்கத்தை மனைவி படமெடுத்து அவனுக்கு அனுப்பினாள். பதில் வந்தது: "கையெழுத்து நல்லாருக்கு."

மார்ச் 30, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வந்தான். ஸ்கூட்டர் வாசலில்தான் நின்றிருந்தது.

நேராக என் மேசைக்குப் போய்ப் பெட்டியைக் கையில் எடுத்தான். "இது சரக்கு ஏத்தற வண்டியா, பொண்ணு பார்க்கப் போற மாப்பிள்ளையா? ஒரு பொட்டு அழுக்கு வேண்டாமா அத்தான்?"

"புகைப்படத்தில் அழுக்கு தெளிவாக இல்லை."

"மழை பெஞ்சா எப்படி ஒழுகும்னு படம் பார்த்தா போடுவாங்க?"

வண்ணச் சுண்ணக்கட்டியைச் சுரண்டித் துரு நிறத்தில் பொடி செய்தான். பல்லுக்குச் சாயமேற்றும் மெல்லிய தூரிகையால் கதவின் கீழே இழுத்தான். என் கை இரண்டு முறை தடுக்கப் போனது. இரண்டு முறையும் மனைவி பார்த்த பார்வையில் அடங்கியது.

முடித்துவிட்டு வெளிச்சத்தில் காட்டினான். பொடி விளிம்புகளில் தங்கி, முப்பத்தாறு ரிவெட்டுகளும் தனித்தனியே எழுந்து நின்றன. அதுவரை எனக்கு மட்டுமே தெரிந்திருந்தவை.

சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மேசையின் இடது பாதி இப்போது என்னுடையது அன்று. மைத்துனன் புதிய பெட்டிக்குத் தகடு வெட்டத் தொடங்கியிருக்கிறான். அளவு குறிக்காமல், கண்ணாலேயே. கேட்டால் "பல்லுக்கெல்லாம் ஸ்கேல் வைக்க முடியுமா?" என்கிறான். சீவல்கள் என் பக்கம் ஒரு சாண் தூரம் வந்துவிட்டன. வளைந்த மூக்குள்ள என் இடுக்கியைக் காணவில்லை. அவன் பையோடு போயிருக்க வேண்டும்.

போன் செய்து கேட்கவில்லை. புதன்கிழமை வருவான்.