பீங்கான் கொட்டிய வளைவு

நேற்று விருத்தாசலம் பாலக்கரையில் என் ஸ்கூட்டி பஞ்சர். கடைக்காரர் டயரிலிருந்து குறடால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தது ஒரு வெள்ளைப் பீங்கான் சில்லு. ஏதோ கப்பின் காதாக இருந்திருக்க வேண்டும். "நம்மூர்ல ஆணியவிட இதாங்க ஜாஸ்தி வருது," என்றார். நான் சிரித்துவிட்டேன். பஞ்சருக்குச் சிரிக்கிற பொம்பளையை அவர் பார்த்ததில்லை போல. அந்தச் சில்லைப் பார்த்து என்னோடு சேர்ந்து சிரிக்கக்கூடியவள் நீ ஒருத்திதான். நீ போய் ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. ஒன்றிய அலுவலகத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் ஓவர்சியராகச் சேர்ந்தோம். நீ விருத்தாசலத்துக்காரி, பீங்கான் சூளைக் குடும்பம். நான் வேப்பூர் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரி. அப்போது மொபெட் ஓட்ட எனக்குப் பயம் என்பதால் எப்போதும் உன் பின்னால்தான் உட்கார்ந்தேன். டேப்பும் கையுமாக இரண்டு பெண்கள் சாலையில் இறங்கினால் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். முதல் வாரத்திலேயே ஒரு காண்ட்ராக்டர், "ஆபீஸ்ல கணக்கு எழுதுற பொண்ணுங்களா?" என்று கேட்டார். நீ வண்டியை ஸ்டாண்டு போட்டுக்கொண்டே, "இல்லீங்க, ஒங்க ஜல்லி எவ்ளோ ஆழம் இருக்குதுன்னு தோண்டிப் பாக்க வந்தோம்," என்றாய். அன்றிலிருந்து அவர் நம்மைக் கண்டால் நமக்குச் சோடா வாங்கிவர ஆளை அனுப்புவார். நீ குடிக்காமலேயே தோண்டுவாய்.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாமனார் கெட்டவர் இல்லை. மருமகள் வெயிலில் ஆம்பளைகளோடு நிற்பது மட்டும் அவருக்கு ஆகவில்லை. "போவட்டும். ஆனா ஆபீஸ்லேர்ந்து ஒரு பேச்சு, ஒரு மெமோன்னு வந்துச்சு, அன்னையோட நிறுத்திடணும்," என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். மறுநாள் நான் உன்னிடம் அழுதேன். "மெமோ வாங்காம இரு, அவ்ளோதான," என்றாய்.

அப்போதுதான் கம்மாபுரம் பக்கத்து ஊருக்கான சாலை நம் கைக்கு வந்தது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போனதில் பாதிக் குடும்பங்கள் இடம் மாறியிருந்த ஊர் அது. மெயின் ரோட்டில் இறங்கி நடந்துதான் உள்ளே போக வேண்டும். நாம் சாலை போட்டு முடித்தோம். டிப்போவிலிருந்து காலி பஸ்ஸை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் ஊருக்குள் பஸ் வரும்.

ஓட்டிப் பார்க்க இருந்த வாரம் அடைமழை. குளத்து வளைவில் ஓரம் சரிந்து பள்ளம் விழுந்தது. ஜல்லி லாரி வரவில்லை. உனக்கு யோசனை வந்தது. விருத்தாசலத்தில் வாசல் சேறானால் என்ன செய்வார்கள்? சூளையில் உடைந்ததைக் கொட்டி மேலே செம்மண் போட்டு மிதிப்பார்கள். "எங்க வூட்டு வாசலு அப்படித்தான் இருக்குது, ஒன்னும் ஆவாது," என்றாய். எனக்கும் சரியென்றே பட்டது. உன் அப்பா சூளையிலிருந்து ஒரு டிராக்டர் உடைசல் வந்தது. ஃப்யூஸ் கட்டை, கப்பு, தலையில்லாத பொம்மை எல்லாவற்றையும் நாம் இருவரும் நின்று கொட்டவைத்து, மேலே கிராவல் மண் போட்டு இடித்து இறுக்கினோம். மறுநாள் விடியற்காலை இன்னொரு மழை. கிராவல் முழுக்க குளத்துக்குப் போய்விட்டது.

அன்று காலை பஸ் வந்தபோது ஊர்ப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். வளைவில் பீங்கான் பளபளவென்று வெளியே நின்றது. நாம் ஓடிக் கைகாட்டுவதற்குள் முன் டயர் அதன் மேல் ஏறி, பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

டிப்போ அதிகாரி கீழே இறங்கி, "எந்தப் புண்ணியவான் இதக் கொட்டுனது?" என்று கேட்டார். "ரோடு சரியில்லன்னு எழுதிட்டுப் போறேன்."

"ரோடு நல்லாருக்குது சார். வளைவுல கொட்டுனது நானு. எம்பேர எழுதுங்க," என்றாய்.

நான் வாயைத் திறந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "இவங்க நேத்து லீவு சார்."

அடுத்த வாரம் நானாகப் போய் நம் அதிகாரியிடம் நானும்தான் கூட இருந்தேன் என்று சொன்னேன். "ஒரு ஆளு போதும்மா, ஃபைலு போயிடுச்சு," என்று அனுப்பிவிட்டார். மெமோ உனக்கு வந்தது. இன்கிரிமென்ட் நின்றது. பஸ் மாத்திரம், வளைவைச் சரிசெய்த பிறகு, ஊருக்குள் வந்தது. பதவி உயர்வில் என் பெயர் உன் பெயருக்கு மேலே ஏறியது. "வாங்க மேடம்" என்று நீ கும்பிடுவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனை வருடமும் உன்னை ஒரு தியாகி என்று நினைத்து, அந்தப் பாரத்தில் உன்மேல் கோபமாகவே இருந்தேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கேட்டே விட்டேன், ஏன்டி அன்றைக்கு என் பேரைச் சொல்லவில்லை என்று.

நீ மெதுவாகத்தான் பேசினாய். "எனக்காவத்தான்டி. நீ வேலைய வுட்டுட்டா மறுநாளு நான் மட்டும் அந்த ஆம்பளைங்க முன்னால போயி எறங்கணும். எனக்குப் பயமா இருந்துச்சு."

காண்ட்ராக்டரின் சோடாவைத் தொடாத நீயா? எனக்கு அதை நம்பவே ஒரு மாதம் ஆயிற்று. நீ பயப்படவில்லை என்ற தைரியத்தில்தான் நான் உன் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தேன். நான் பின்னால் இருக்கிறேன் என்றுதான் நீ வண்டியையே எடுத்திருக்கிறாய்.

நாளைக்கு நம் மாவட்டத்து மங்களூர் பக்கம் சாலை ஆய்வு. அங்கே அத்தனை பேரும் ஆண்கள். நான் தனியாகத்தான் போய் இறங்க வேண்டும். இவ்வளவு பெரிய பதவியிலும் காலையில் கிளம்பும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கும். உனக்கும் தினமும் அப்படித்தான் இருந்திருக்கிறது என்று இப்போது தெரியும் என்பதால், போய்விடுவேன்.