படமே தெரியாத வீடியோ

7 செப்டம்பர் 2025, ஞாயிறு

பிரியா அனுப்பிய புது சர்வர் வந்துவிட்டது. டிபன் பாக்ஸ் அளவுதான். வீட்டுப் போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் பதினோரு வருஷமாக உறுமிக்கொண்டிருக்கும் பழைய பெட்டியைப் பார்த்துப் பழகிய எனக்கு, இதைச் சர்வர் என்று சொல்லவே வாய் வரவில்லை.

பெங்களூரில் இருந்து மகள் போனில் விரட்டுகிறாள். "ம்மா, பழசுல ரெண்டு டிஸ்க்ல ஒண்ணு ஏற்கெனவே பூட்ச்சு. இன்னொண்ணும் போச்சுன்னா அவ்ளோதான். அப்பாவ சீக்கிரம் எல்லாத்தயும் மாத்தச் சொல்லு."

சொன்னேன். என் வீட்டுக்காரர் சிலேட்டை எடுத்து எழுதினார்: "குப்பைய ஏன் புதுசுல ஏத்தணும்? பாத்துப் பாத்துத்தான் ஏத்துவேன்."

தொண்டை ஆபரேஷன் முடிந்து ஏழு மாசம் ஆகிறது. குரல் அடியோடு போய்விட்டது. பிடிவாதத்தை மட்டும் டாக்டர் தொடவே இல்லை போலிருக்கிறது.

12 செப்டம்பர்

காலையில் கஞ்சி குடித்ததும் பெட்டிமுன் உட்கார்ந்துவிடுகிறார். மூலக்குளத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த காலத்திலும் இப்படித்தான், ஒரு வேலையை எடுத்தால் சோறு தண்ணி தெரியாது. நானும் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

பிரியாவின் காதுகுத்து. கரும்பு வெட்டின அன்று டிராக்டர் மேல் ஏறி நின்று நான் கொடுத்த போஸ். அந்த நீலப் பட்டுப்புடவை — யார் கண் பட்டதோ, அதற்கு அப்புறம் நான் அவ்வளவு அழகாக இருந்ததே இல்லை.

ஒரு படத்திலும் அவர் இல்லை. கேமரா அவர் கையில்தானே! வீடியோவில் குரல் மட்டும் வரும். "இப்பிடித் திரும்பு ஜெயா. ஏய், சிரிக்கத் தெரியாதா உனுக்கு?"

ஆனால் வீடியோ வந்தால் ஸ்பீக்கரை அணைத்துவிடுகிறார். போட்டோ எல்லாம் முடியட்டும் என்று வீடியோக்களை அப்படியே ஒதுக்கி வைக்கிறார். அவர் குரலை அவரால் கேட்க முடியவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் பிரியா கெஞ்சினாள், "அப்பா, கொஞ்சம் பேசுங்கப்பா, ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்." "இன்னாத்துக்கு? நான் செத்தா பூட்டேன்?" என்று கத்தினார். வாய்ஸ் மெசேஜ் போடுகிற ஆளும் இல்லை. போனில் பேசியதெல்லாம் பேசினதோடு சரி. இந்தப் பெட்டியில் இருப்பதுதான் இருப்பு.

19 செப்டம்பர்

இன்று ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டார்.

ஓடியது பெருமழை பெய்த வருஷத்து வீடியோ. அன்று வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சர்வரைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். சட்டைப்பையில் இருந்த போன் தானாகப் பதிவு செய்துவிட்டது. படமே தெரியாது, ஒரே இருட்டு. மழைச் சத்தம், அதற்கு மேல் அவர் கத்தல். "ஜெயா! ஒயரப் புடி! அத உடு, இதப் புடி! எங்கடி போன? ஜெயா! யோவ் ஜெயா!"

யோவாம். கட்டின பெண்டாட்டியை யாராவது யோவ் என்று கூப்பிடுவார்களா? சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் எழுதினார்: "படமே இல்ல. குப்பை." அழிக்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். "இருக்கட்டும் வுடுங்க."

ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லலாம். ஏழு மாசமாக இந்த வீட்டில் யாரும் என்னை ஜெயா என்று கூப்பிடவில்லை. மகளுக்கு அம்மா. தெருவுக்குப் பிரியாம்மா. அவர் கையைத் தட்டுகிறார். "கையத் தட்டிக் கூப்புட நான் இன்னா கோழியா?" என்று ஒருநாள் சண்டை போட்டேன். தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம்தான் இல்லை.

1 அக்டோபர், ஆயுத பூஜை

மோட்டார், ஸ்கூட்டர், தையல் மிஷின், அரிவாள்மணை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். இன்றைக்கு ஒருநாள் எல்லாவற்றுக்கும் ஓய்வு. சர்வரை மட்டும் நிறுத்த விடமாட்டார். வருஷா வருஷம் நான் பக்கத்தில் போனாலே கொல்லையில் இருந்து சத்தம் வரும், "அதத் தொடாத!"

இந்த வருஷம் சத்தம் வரவில்லை. பாவம், அதுவும் எத்தனை வருஷம்தான் ஓடும் என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். கொல்லையில் கை தட்டினார். வாழையிலை கேட்கிறார் என்று நினைத்தேன். "வரேங்க" என்று சொல்லிக்கொண்டே அமுக்கிவிட்டேன்.

ஓடி வந்தார். பெட்டியைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

2 அக்டோபர்

உயிர் வரவில்லை. டிக் டிக் என்று மட்டும் சத்தம்.

சிலேட்டில்: "பல வருஷம் நிக்காம சுத்தின டிஸ்க். நின்னா உள்ள ஒட்டிக்கும்."

போட்டோ எல்லாம் புதுசுக்கு வந்துவிட்டது. வீடியோ ஒன்றுகூட வரவில்லை.

அழித்துவிட்டு எழுதினார்: "உன் தப்பு இல்ல." அதையும் அழித்து, பெரிய எழுத்தில் அதையே திரும்ப எழுதினார்.

இன்னாத்துக்கு அதத் தொட்டேன்? எனுக்கு எதுக்கு அந்த வேல? கூப்புட்டாரே — அந்த மனுசன் தட்டித் தட்டிக் கூப்புட்டாரே —

3 அக்டோபர்

சமைக்கவில்லை. கடை இட்லி.

9 அக்டோபர்

டிஸ்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து, கரண்ட் கொடுக்கிற நேரம் பார்த்து மணிக்கட்டை லேசாகத் திருப்பினார். ஒரு வாரமாக இதையேதான் செய்கிறார். இன்று சுற்றியது!

விசிறும்படி சைகை காட்டினார். டேபிள் ஃபேனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். அவர் முதுகு மறைத்தது, என்ன எடுக்கிறார் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம்தான். மறுபடி டிக் டிக். சூடு ஏறிப் புகைந்த வாசனை. அவ்வளவுதான், முடிந்தது.

"எது வந்துச்சு?" என்று கேட்டேன். சிலேட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார், எழுதவில்லை. எனக்குத் தெரியும். ஸ்கேன் பண்ணி வைத்திருந்த நிலப் பத்திரமும் சர்டிபிகேட்டும்தான் எடுத்திருப்பார். எதிலும் கணக்குப் பார்க்கிற மனுஷன். கோபத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

10 அக்டோபர்

காலையில் குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"ஜெயா!"

கையில் இருந்த சொம்பு உருண்டு ஓடியது. ஈரக்கையோடு உள்ளே ஓடினேன். புதுப் பெட்டிமுன் உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில். திரை இருட்டு. மழை கொட்டிக்கொண்டிருந்தது. "ஒயரப் புடி! எங்கடி போன?"

பிரியா ஆடின டான்ஸ் வரவில்லை. கிரகப்பிரவேசம் வரவில்லை. கிடைத்த நேரத்தில் இதைத்தான் முதலில் எடுத்திருக்கிறார்.

"குப்பைன்னீங்களே?"

சிலேட்டை நீட்டினார். எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்: "இதுலதான் உன் பேரு நெறைய வருது."

அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். குங்குமம் எல்லாம் அவர் சட்டையில்.

23 நவம்பர், ஞாயிறு

காலையில் இருந்து மழை. இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு கூப்பாட்டை மட்டும் வெட்டித் தன் போனில் வைத்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் வேண்டும் என்று ஒரு தடவை. கண்ணாடியைக் காணோம் என்று ஒரு தடவை. அடுத்து ஒன்றும் இல்லை, சும்மா. திரும்பி வந்து உரலில் கை வைக்கிறேன், மறுபடியும் "ஜெயா!"

கையெல்லாம் மாவு. "கத்தாதீங்க, காது கேக்குது!" என்றேன்.