தேதி கிழிந்த செய்தித்தாள்

லிட்டில் நதிக்கரை, ஜார்ஜியா
1775 ஜூலை 11

அன்பும் மரியாதையும் நிறைந்த சைலஸ் அண்ணனுக்கு, தங்கை கெசியா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மைத்துனரும் நலம். நீங்களும் அண்ணியும் சவானாவின் கோடைக்காய்ச்சலில் மாட்டாமல் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். 'நலம்' என்று எழுதியது வழக்கத்துக்காகத்தான். மேலே படித்தால் உங்களுக்கே தெரியும்.

சோளம் இந்த வருஷம் ஆள் உயரம் நிற்கிறது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. கிரீக் பழங்குடி மக்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கமே இருக்கிறார்கள், இதுவரை தொந்தரவில்லை. தொந்தரவெல்லாம் நீங்கள் அச்சுக் கோக்கிற செய்தித்தாளால்தான்.

அது இங்கே எப்படி வந்து சேருகிறது என்று நினைக்கிறீர்கள்? மான்தோல் ஏற்றிப்போகும் மாட்டு வண்டி திரும்பும்போது கட்டாக வரும். புதிய தாள் மேலே இருக்கும், பழையது கீழே இருக்கும், சில சமயம் நேர்மாறாக இருக்கும். உப்புப் பொட்டலத்தைச் சுற்றிப் போன வருஷத் தாள்கூட வரும். மாவு மில்லில் யாராவது உரக்கப் படிக்க எல்லோரும் கேட்போம். பாஸ்டன் பக்கம் ராஜாவின் சிப்பாய்கள்தான் முதலில் சுட்டார்கள் என்கிறது ஒரு தாள். இல்லை, விவசாயிகள்தான் சுட்டார்கள் என்கிறது இன்னொன்று. அதற்குக் கீழேயே லண்டனிலிருந்து பட்டுத் தொப்பி வந்து இறங்கியிருக்கிறதாம். துப்பாக்கியைத் துடைப்பதா, தொப்பி வாங்குவதா என்று ஒன்றும் புரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் தொடக்கத்துத் தாளில் ராஜாவை எதிர்க்கிற காங்கிரஸ் பக்கம் ஒப்பமிட்டவர்களின் பட்டியல் வந்தது. அதில் உங்கள் மைத்துனர் ஆம்புரோஸ் டில் பெயரும் இருந்தது. மில்லில் எல்லோரும் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். போன வாரக் கட்டில் இன்னொரு பட்டியல். இது ராஜாவுக்கு விசுவாசமாக இருப்போம் என்று எழுதிக்கொடுத்தவர்களுடையது. அதிலும் ஆம்புரோஸ் டில். இந்த வட்டாரத்தில் வேறு ஆம்புரோஸ் டில் கிடையாது அண்ணா.

ஊர்க்குழுத் தலைவர் ஹாப்குட் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏம்ப்பா, நீ எந்தப் பக்கம்? வர்றவன் போறவனுக்கெல்லாம் தலையாட்டுவியா?" என்று வாசலில் நின்றே கத்தினார். "ராஜா தாள்ல போன வருஷம் குறி போட்டதா இருக்கும்யா. அப்போ யாருதான் போடல?" என்றார் இவர். "போன வருஷம்னா மன்னிச்சு விட்டுடலாம். காங்கிரஸ் தாள்ல போட்டதுக்கு அப்புறம் இதுலயும் போட்டிருந்தேன்னா கதையே வேற" என்றார் ஹாப்குட். சரி, தாளைப் பார்த்துவிடலாம் என்று விரித்தால், துப்பாக்கியில் மருந்து அடைக்க யாரோ அதன் தலைப்பையே கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தேதியும் அதோடு போய்விட்டது.

"உன் மச்சான்தான் அச்சாபீஸ்ல இருக்காரே, தேதியோட ஒரு தாள வரவழை. ஆகஸ்டு மொத சனிக்கிழமை ஊர்ப்படை அணிவகுப்பு. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. போன மாதம் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் ஒருவர் மேல் தாரைக் காய்ச்சி ஊற்றி, கோழி இறகைக் கொட்டி, வண்டியில் ஊர்வலம் விட்டார்கள். அவருக்கு இன்னும் தோல் கூடவில்லை.

ஆகவே தயவுசெய்து அந்தத் தாளில் ஒன்றை உடனே அனுப்புங்கள். பட்டியல் இரண்டாம் பக்கத்தில், காணாமல் போன செம்பட்டைக் குதிரை விளம்பரத்துக்குக் கீழே இருக்கிறது. அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை,
கெசியா டில்


ஜூலை 17

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் குதிரையில் வருகிறது. முதல் கடிதம் மாட்டு வண்டியில் போயிருக்கிறது. அதனால் இதுதான் முந்திக்கொள்ளும். இனிமேல் வரப்போகிற கடிதத்தில் ஒரு செய்தித்தாள் கேட்டிருப்பேன். அதை அனுப்ப வேண்டாம்.

நேற்றுக் காலை சோளக்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அவர், "கெசியா, அது போன வருஷத்து இல்ல. போன மாசம் நடுவுல போட்டது" என்றார். களைக்கொத்தைக் கீழே போட்டேன். ஏன் என்று கேட்டேன். "நம்ம நிலப் பட்டாவுல யாரு முத்திரை இருக்கு? ராஜா முத்திரைதானே? ராஜாவே இல்லேன்னா அந்தப் பட்டாவை வச்சு என்ன பண்றது?" என்றார். "அப்போ காங்கிரஸ் தாள்ல எதுக்குப் போட்டீங்க?" என்றேன். "மில்லுல எல்லாரும் போட்டாங்க. நான் மட்டும் மாட்டேன்னா நம்ம சோளத்தை யாரு அரைச்சுத் தருவா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷர், இரண்டு தாளிலும் ஒரே பெருக்கல் குறியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் இரண்டு காரணமும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. எந்தப் பக்கம் நியாயம் என்று உங்களுக்காவது தெரியுமா? இரண்டு பக்கத்துச் செய்தியையும் நீங்கள்தானே கோக்கிறீர்கள்.

இன்று மதியம் ஹாப்குட்டின் மனைவி வந்தாள். சேஜ் மூலிகை இலைத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். கன்றைப் பற்றிப் பேசினாள், மழையைப் பற்றிப் பேசினாள். போகும்போது, "பழைய எறகுத் தலகாணி ஏதாச்சும் இருந்தா குடேன், வீடு வீடா கேட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க" என்றாள். எதற்கு என்றேன். என் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிப் போய்விட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. ஐம்பது வயசில் அவர் உடம்பு அதைத் தாங்காது.

தாள் வந்தாலும் ஆபத்து, வராவிட்டாலும் ஹாப்குட் விடமாட்டார். ஊரை விட்டு ஓடலாமென்றால் தெற்கே யார் பக்கம், வடக்கே யார் பக்கம் என்று தெரியவில்லை.

எனக்கு அச்சுத் தொழில் தெரியாது. ஆனால் உங்கள் கல்யாணத்துக்கு வந்தபோது நீங்கள் அச்சாபீஸைச் சுற்றிக் காட்டினீர்கள். ஒவ்வோர் எண்ணும் நகத்தளவு ஈயத்துண்டுதான் என்றும், நான்கும் ஐந்தும் பெட்டியில் பக்கத்துப் பக்கத்து அறையில் கிடக்கும் என்றும், அவசரத்தில் கை மாறிப்போவதுண்டு என்றும் சொன்னீர்கள். 1775 என்பதில் கடைசி எண் ஐந்து. இதை எதற்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் எதையும் கேட்கவில்லை. உங்கள் வேலைக்கோ உயிருக்கோ கேடு வருகிற எதையும் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

தாள் வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய்யுங்கள். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள். அணிவகுப்புக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, குதிரைக்காரர் உங்கள் பதிலுக்காக அங்கே ஒருநாள் காத்திருப்பார்.

கர்த்தர் உங்கள் விரல்களை ஆசீர்வதிப்பாராக.

தங்கை,
கெசியா