உன் பக்கத்தில் ஒருவர் கை வைத்தார்

இறந்தவர் எழுதிய வரியை இன்னொருவர் மாற்றினால் கோபப்பட எனக்கு உரிமை உண்டா? தெரியவில்லை. நீ எழுதிய விக்கிப் பக்கத்தை யாரோ திருத்தியிருப்பதாக இன்று மாலை கைப்பேசியில் அறிவிப்பு வந்தது. முகம் தெரியாதவர்.

ரப்பர் தோட்டக் கிளினிக்குகளின் நோயாளிப் பதிவுகள் இருக்கும் அந்த இலவச மென்பொருளுக்குக் கையேடு முழுவதும் விக்கிதான். பதிவுகளை இழக்காமல் புதிய பதிப்புக்கு மாறுவது எப்படி என்ற பக்கம் உன்னுடையது. கோலா பிலா டவுனுக்குப் பக்கத்துத் தோட்டக் கிளினிக்கில், கிளாசில் தே தாரிக் டீ ஆறிக்கொண்டிருக்க, அதைத் தட்டச்சு செய்தாய்.

"யார் வேணா மாத்தலாம்னா, யார் வேணா கெடுக்கலாம்தானே?" என்றேன்.

"கெடுத்தா நீ திருத்துலா. சந்தேகப்படத்தானே யுனிவர்சிட்டி போன?" என்று சிரித்தாய்.

நீ போன பிறகு அந்தப் பக்கத்தை எவரும் தொடவில்லை. கையேட்டை எழுதும் குழுவில் எல்லாருமே சொல்லிவைத்த மாதிரி ஒதுங்கிப் போனோம். மென்பொருள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

பதிவுகளை நகலெடுத்து, பழைய பதிப்பை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவச் சொல்லியிருந்தாய். அவரோ, பழையதை நீக்காமல் அதன் மேலேயே நிறுவச் சொல்கிறார். காரணம் எழுதவில்லை. கேட்டேன், பதிலில்லை. உன் வரிகளைத் திரும்பப் போட்டேன்.

சற்று நேரத்தில் கிளினிக் தாதி செல்வி அழைத்தாள்.

"அக்கா, நாளைக்குக் காலையில மாத்தணும். சாயங்காலம் பார்த்தா ஒண்ணு இருக்கு, இப்ப வேற இருக்கு. எத நம்புறதுலா?"

"அவ எழுதுனத."

"அந்தக்கா எழுதுனதுன்னு சொல்றீங்களா, இல்ல அதுதான் சரின்னு சொல்றீங்களா?"

இனிப்புநீர் நோய்க்கு யாருக்கு எவ்வளவு சர்க்கரை மாத்திரை, எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன. "நான் வர்ற வரைக்கும் தொடாத" என்றேன். நான் காப்பது அவர்களையா உன்னையா என்ற சந்தேகத்தோடு அன்று உனக்கு எழுதுவதை நிறுத்தினேன்.

மறுநாள் நடந்ததைச் சேர்க்கிறேன். கிளினிக்கில் சும்மா கிடந்த மடிக்கணினியில் பழைய பதிப்பையும் பதிவுகளின் நகலையும் வைத்து, முதலில் உன் வழியில் செய்தோம். புதிய பதிப்பு திறந்தது. ஒரு பெயரும் இல்லை. எடுத்து வைத்த நகலையும் அது ஏற்கவில்லை. பழைய பதிப்பை மறுபடி போட்டு, பதிவுகளை அதில் ஏற்றி, அந்த முகம் தெரியாதவரின் வழியில் செய்தோம். எல்லாப் பெயர்களும் வந்தன. செல்வி என்னைப் பார்க்காமல் கிளினிக் கணினியையும் அப்படியே மாற்றினாள். வெளியே பெஞ்சு நிறைந்திருந்தது. முதல் ஆளைக் கூப்பிட்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து உன் வரிகளை நீக்கி, அவர் எழுதியதைத் திரும்பப் போட்டேன். மாற்றத்துக்குக் காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. "செய்து பார்த்தோம்" என்று எழுதினேன்.