ரெண்டு நாளில் தருவதாகச் சொன்ன படம்

சனி, ஜூலை 12

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கட்டி நிற்கிறது, இறங்கவில்லை. பி.பி. மாத்திரை போட்டாயிற்று. ஸ்கூட்டர் பின் டயர் காற்று பார்க்க வேண்டும்.

பத்து மணிக்கு க.ம. வகுப்பு. (கணினி மன்றம். சுருக்கெழுத்து எனக்கே மறந்து போகிறது, விரித்தும் எழுதி வைக்கிறேன்.) திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டி, ஜவுளிக்கடை மாடி. ஒன்பது பேர். மின்விசிறி ஒன்றுதான் ஓடுகிறது.

இன்றைய பாடம்:
பழைய படத்தைப் போனில் பிடிப்பது. ஜன்னல் வெளிச்சம். பிரேமிலிருந்து கழற்றி. கை நிழல் விழாமல்.
கிராப்.
தவறி அழித்தால் குப்பைத்தொட்டிக்குள் போய்த் தேடுவது.

அந்தோணி (ரிட்டயர்டு போஸ்ட்மேன், அறுபத்தாறு, வாய் ஓயாது) தன் கல்யாணப் படத்தைப் பிடித்தார். மூன்று முறையும் கட்டைவிரல் சேர்ந்து விழுந்தது. "வுடுங்க சார், நாப்பது வருஷமா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல யாராவது வந்துக்கினுதான் இருக்காங்க." எல்லோரும் சிரித்தார்கள்.

கிராப் என்றதும் பயம். வெட்டினால் படம் போய்விடுமோ என்று. தைரியம் சொன்னேன். "எவ்வளவு வெட்டினாலும் அசல் அப்படியே உள்ளே இருக்கும். எப்ப வேணும்னாலும் திரும்ப எடுத்துக்கலாம். பயப்படாம வெட்டுங்க."

ஆளுக்கொரு பழைய படம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். தனலட்சுமி மட்டும் வெறுங்கை. சத்துணவுச் சமையலர், ஐம்பதுக்குள். போன மாதம்தான் சேர்ந்தார். சேர்ந்த அன்றே காரணம் சொன்னார்: மகனுக்கு ஆவணியில் கல்யாணம், கல்யாணப் படமெல்லாம் தன் போனிலேயே தானே அடுக்கி வைக்க வேண்டும், யாரையும் கெஞ்சக்கூடாது.

"எங்க வீட்ல பழைய போட்டோன்னு ஒண்ணுதான் சார் இருந்துது. எங்க கல்யாணத்துல எடுத்தது. அவுரு செத்தன்னைக்கு ஒரு பேப்பர்காரன் வந்து வாங்கிக்கினு பூட்டான்."

அந்தோணி: "பேப்பர்காரனா? சாரே பேப்பர்காரருதாம்மா, அவரையே கேளு."

"சாரு அப்டிலாம் செய்ய மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு பழக்கதோஷத்தில் கேள்வி கேட்டேன். எந்த ஊர், எப்படி. காணைப் பக்கம் கிராமம். புருஷன் ஏழுமலை. மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையை சைக்கிளில் வைத்துக்கொண்டு விக்கிரவாண்டி மார்க்கெட் கமிட்டிக்கு விற்கப் போனவர். ரோட்டைத் தாண்டும்போது லாரி. மகனுக்கு அப்போது எட்டு மாதம், இப்போது இருபத்தைந்து வயது. அப்பன் முகம் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் அப்பா படம் போட்டே ஆக வேண்டும் என்று நிற்கிறானாம்.

"பேப்பர்காரன் வாங்கினு போனான்னு சொன்னது எங்க மூத்தாரு, அவுரோட அண்ணன், முனுசாமின்னு. எந்தப் பேப்பரு, இன்னா பேருன்னு கேக்காமலா சார் ஒருத்தர் குடுப்பாங்க? பொய். எங்களுக்குள்ள நெலத் தகராறு. அவுருதான் எங்கியோ கடாசிட்டாரு. அன்னைக்கி வுட்டதுதான், அந்த வாசப்படி மிதிக்கல."

விக்கிரவாண்டி என்றதும் குறிப்பேட்டில் பேனா நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.


ஞாயிறு, ஜூலை 13

மழை இல்லை. கறிக்கடைக்குப் போகவில்லை. வீட்டில் கேட்டாள், உடம்பு சரியில்லையா என்று. வெயில் என்றேன்.

நினைவில் இருப்பதை மட்டும் எழுதுகிறேன், ஜோடனை இல்லாமல்.

அப்போது விழுப்புரத்தில் இருந்தேன். விபத்து என்றால் ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், பிறகு செத்தவர் வீடு. வீட்டுக்குப் போவது படத்துக்காக. படத்தோடு வந்தால் செய்தி முதல் பக்கத்துக்குப் பக்கத்திலாவது வரும். இரண்டு பிரதி இருந்தால் இரண்டையும் கேட்டு வாங்கிவிடுவது. பின்னால் வருகிற அடுத்த பேப்பர்காரனுக்கு ஒன்றும் மிஞ்சக்கூடாது. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் பிறகு இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த வீடு. மண்சுவர், ஆணியில் ஒரே ஒரு படம். உள்ளே ஒரு பெண்ணின் அழுகை, கூடவே குழந்தையின் அழுகை. அண்ணன்காரர் படத்தை இறக்கித் துண்டால் துடைத்துக் கொடுத்தார். "திருப்பிக் குடுத்துடுவீங்களா சார்?" என்று கேட்டார். "ரெண்டு நாள்ல தந்துடுறேன்" என்றேன். என் பேர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பஸ் கவரில் வைத்து கண்டக்டரிடம் கொடுத்து அச்சாபீசுக்கு அனுப்பினேன். சிங்கிள் காலம், ஒரு பத்தி அகலத்துக்கு ஒரே ஒரு முகம். மறுநாள் டெஸ்கிலிருந்து போன்: நம்மிடம் மட்டும்தான் படம் இருக்கிறது, சபாஷ். பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி தின்றேன். அதுவும் நினைவில் இருக்கிறது.

ஒருவேளை வேறு வீடாக இருக்கலாம். அப்படி எத்தனையோ வீடு.

மல்லாட்டை, சைக்கிள், லாரி, விக்கிரவாண்டி, எட்டு மாதக் குழந்தை. ஒருவர் சொன்னதை வைத்துச் செய்தி போடக்கூடாது, இன்னொருவர் உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. இங்கே அந்த இன்னொருவர் நான்தான்.


புதன், ஜூலை 16

மாலையில் பத்து நிமிடத் தூறல். க.ம. பயிற்சி நேரம், ஐந்து மணி. ஆறு பேர்.

அந்தோணி புது ஆப் ஒன்று கண்டுபிடித்து வந்திருக்கிறார். "தனம்மா, உம் புருஷனை நான் கொண்டாரேன் பாரு." தனம் போனிலிருந்து மகன் படத்தை எடுத்தார்கள். ஏஐ அவனுக்கு மீசை வைத்தது, தலையைப் பழைய மாதிரி படிய வாரியது, வெள்ளைச் சட்டை போட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

தனம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா இது யாரு?"

"உம் புருஷன்தாம்மா."

"இல்லண்ணே. அவுருக்கு வலது காது மடலு கிழிஞ்சிருக்கும். சின்னதுல மாடு முட்டுனது. கல்யாணத்தன்னைக்கி மொதல்ல அத்தத்தான் பாத்தேன்."

அந்தோணி காதைக் கிழிக்க முயன்றார். ஆப் காதில் கடுக்கன் போட்டது. மறுபடி முயன்றதில் காதே போயிற்று. சிரிப்பு. தனமும் சிரித்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. கண்ணையும்.

மூத்தார் முகஜாடை இருக்குமே, அவர் படத்தை வைத்துச் செய்தால் என்ன என்று யாரோ கேட்டார்கள். "அந்த ஆளு மூஞ்சி எம் புள்ள பத்திரிகைல வேணாம்."

கடைசியில் இதுவே இருக்கட்டும் என்றார். "அவனுக்கு ஒரு மூஞ்சி வேணும், அவ்ளோதானே. அவுனுக்கா தெரியப் போவுது?" 26ஆம் தேதி சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் கொடுக்க வேண்டும். பிறகு என்னிடம் போனை நீட்டினார். "சார், கொஞ்சம் இருட்டா கீதே. சரி பண்ணிக் குடுங்க."

வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுத்தேன்.

சொல்ல நினைத்து மூன்று முறை தொண்டையைச் செருமினேன். தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள்.


திங்கள், ஜூலை 21

விழுப்புரம். காலை எட்டு மணி பஸ், விக்கிரவாண்டி டோல்கேட்டில் இருபது நிமிடம். கலெக்டர் ஆபீஸில் மனு நாள் கூட்டம். இரண்டு பத்திக்குச் செய்தி தேறும், பிறகு எழுதிக்கொள்ளலாம்.

கரீம் பாயிடம் போனேன். எங்கள் பேப்பரின் பழைய ஏஜென்ட். ஆபீஸ் ரூமைக் காலி செய்தபோது என் சாமான் எல்லாம் அவர் குடோனுக்குப் போனது.

"இன்னா சார், இத்தினி வருஷம் கழிச்சி ட்ரங்கு பொட்டிய தேடிக்கினு வர்றீங்க. சொத்துப் பத்திரமா?"

"போட்டோ."

"ஜல்தி பாருங்க. கரையான் பேஜாரு தாங்கல. போன வருசமே தூக்கிப் போட இருந்தேன். உங்க பேரு எழுதியிருந்துது, அதான் வுட்டேன்."

மேலே மாநாட்டுத் துண்டறிக்கைகள், டைரிகள். அடியில் பழுப்பு உறை. அச்சாபீசிலிருந்து அவ்வப்போது படங்கள் திரும்பி வரும். வந்ததை எல்லாம் இதில் போட்டு வைப்பேன், அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துவிடலாம் என்று. அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன்.

முப்பத்தொரு படங்கள். இரண்டு முறை எண்ணினேன். பள்ளிக்கூடச் சிறுமி, போலீஸ்காரர், மாலையோடு கிழவர், பாஸ்போர்ட் படங்கள். பேர் எழுதியது நாலில் மட்டும்.

பதினேழாவது படத்தில் அந்தக் காது.

பின்பக்கம் சிவப்புப் பென்சிலில் என் கையெழுத்து: "லாரி விபத்து. சிங்கிள்." பேர் இல்லை.

அதைவிட மோசமானது ஒன்று. படம் பாதிதான் இருக்கிறது. ஜோடியாக எடுத்தது. டெஸ்கில் யாரோ கத்தரிக்கோலால் நெட்டுக்கு வெட்டியிருக்கிறார்கள். சிங்கிள் என்று எழுதியது நான், ஆகவே வெட்டியதும் நான்தான். விளிம்பில் பெண்ணின் முழங்கை மட்டும் நிற்கிறது. கண்ணாடி வளையல் ஐந்து.

கரீம் பாய் டீ வாங்கி வந்தார். வெற்று ட்ரங்கை அவரே சுவரோரம் தள்ளி வைத்தார்.


செவ்வாய், ஜூலை 22

வெயில். குழாயில் தண்ணீர் வரவில்லை.

எப்படிச் சொல்வது. எழுதிப் பார்த்தேன்.

அ) தலைமை அலுவலகத்தில் தெரிந்தவரிடம் சொல்லி வைத்திருந்தேன், பழைய கோப்பில் கிடைத்தது.
ஆ) வாங்கியது நான்.

அ-வில் எல்லாம் சரியாகிவிடும். படம் கிடைக்கும், மூத்தார் மேலும் பழி இருக்காது, நன்றி சொல்வார்கள், அந்தோணி கை தட்டுவார். அந்த நன்றியை என்னால் வாங்கிக்கொள்ள முடியாது.

வீட்டில் சொன்னேன். இட்லி மாவு கரைத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப எனக்குக் கல்யாணமாயி நாலு வருஷம். நம்ம படம் ஆணியில இருந்துது. அதை யாராவது கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?" கேட்டுவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டாள்.

அ-வை அடித்துவிட்டேன்.


சனி, ஜூலை 26

மழை வரும் போல இருந்து போய்விட்டது. ஒன்பதரைக்கே போய்ப் படி ஏறும் இடத்தில் நின்றேன். தனம் வந்ததும் தனியாக உறையைக் கொடுத்தேன். வாக்கியம் தயாராக வைத்திருந்தேன், வரவில்லை. "வாங்கினது நான்தாம்மா" என்று மட்டும்.

எடுத்துப் பார்த்தார். முதலில் காதை விரலால் தொட்டார். ரொம்ப நேரம். மேம்பாலத்தில் லாரி போகும் சத்தம், கீழே கடையில் ஷட்டர் தூக்கும் சத்தம்.

"நான் எங்க சார்?"

"வெட்டிட்டாங்க."

"யாரு?"

"சிங்கிள்னு எழுதி அனுப்பினது நான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் வளையல்களை எண்ணினார், உதடு அசைந்தது. "இது எங்கம்மா ஆத்துத் திருவிழாவுல வாங்கியாந்தது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். இந்த ஒன்றரை மாதத்தில் சார் என்று பார்த்த பார்வை இல்லை.

"ரெண்டு வாரமா தெரிஞ்சிக்கினேவா அந்தப் பொய் மூஞ்சிக்கு வெளிச்சம் வெச்சிக் குடுத்தீங்க?"

"ஆமா."

மாடிக்குப் போனோம். மற்றவர்களிடம் அவரே சொன்னார், இரண்டு வாக்கியத்தில். நான் ஜன்னலோரம் வெள்ளைத்தாள் விரித்தேன். வேண்டாம், நானே எடுக்கிறேன் என்றார். கற்றுக்கொண்டபடியே: வெளிச்சம் பக்கவாட்டில், நிழல் விழாமல், போனை நேராகப் பிடித்து. ஒரே தடவையில் சுத்தமாக விழுந்தது. என் மாணவர்களில் இதுவரை யாரும் இப்படி எடுத்ததில்லை.

அந்தோணி மெல்ல: "ஆப்புல உன்னையும் வரைஞ்சி பக்கத்துல ஒட்டிடலாம் தனம்மா."

"வேணாண்ணே."

"அப்ப இந்தக் கையை மட்டும் கிராப் பண்ணிடட்டுமா? பத்திரிகைல யாரு கைன்னு கேப்பாங்க."

"வெட்டாதீங்க. கேக்கட்டும்."

அங்கிருந்தே பிரஸ்ஸுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போனது என்று இரண்டு டிக் வரும்வரை பார்த்தார். அந்தோணி செய்த முகத்தை அழித்தார், குப்பைத்தொட்டிக்குள்ளும் போய் அழித்தார். அதுவும் நான் கற்றுக்கொடுத்ததுதான்.

கிளம்பும்போது: "நாளைக்கி ஞாயித்துக்கெழம. மூத்தார் வூட்டுக்குப் பத்திரிக வெக்கணும்னு இத்தினி நாளு நெனக்கவேயில்ல. இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் மொதல்ல போவேன்? நீங்க போய்ச் சொல்லுங்க. பொறவு நான் போறேன்." வேண்டுகோள் இல்லை. தீர்ப்பு.


ஞாயிறு, ஜூலை 27

நல்ல வெயில். விழுப்புரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து காணைப் பக்கம் டவுன் பஸ். ஜன்னலோர இருக்கை. கரும்பு நல்ல உயரம். பழுப்பு உறையில் மீதி முப்பது படமும் எடுத்து வந்தேன், ஏன் என்று தெரியவில்லை. வீட்டில் வைத்துவிட்டு வர முடியவில்லை.

வீடு மாறியிருக்கிறது. மண்சுவர் இல்லை, ஓட்டு வீடும் இல்லை, காங்கிரீட். முனுசாமிக்கு எழுபது இருக்கும். வாசலில் கேப்பை காயப் போட்டிருந்தார், கோழி விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தனம் கொடுத்தனுப்பிய ஏழுமலையின் பாதிப் படத்தை நீட்டினேன். வாங்கி, தோள் துண்டை எடுத்து, அன்றைக்குத் துடைத்தது போலவே துடைத்தார்.

தனம் நம்பவில்லை என்பதை, இருபத்து நான்கு வருடம் படி மிதிக்காததை, நானாகச் சொல்ல ஆரம்பித்தேன். கை காட்டி நிறுத்தினார். எழுந்து உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏ, இந்தா. ரெண்டு நாள்ல வர்றேன்னு சொல்லிட்டுப் போனவரு வந்திருக்காரு. தண்ணி கொண்டா."

வாங்கிக் குடித்தேன். செம்பு முழுக்க.