வெங்காயத்தாள் தின்ற கினிப்பிக்

வெள்ளிக்கிழமை, இஷாத் தொழுகைக்குப் பிறகு.

நாட்குறிப்பு எழுதப் பழகியது முதல் ஒவ்வொரு இரவும் ஆசையோடு பேனையை எடுப்பேன். இன்றைக்குக் கை ஓடவில்லை.

மகள் வளர்க்கும், முயல்குட்டி அளவான கினிப்பிக் சாகக் கிடக்கிறது. முந்தாநாள் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கினோம். வெட்டிய தாளை வழக்கம்போல ஆட்டுக்குப் போட்டேன். கூட்டுக்குள் இது கீச்சிட்டுக் கெஞ்சியது. இதற்கும் ஒரு பிடி கொடுத்தேன்.

இன்று பின்னேரம் கூட்டில் ஒருநாளும் இல்லாத நாற்றம். விரித்திருந்த துணி அதன் மூத்திரத்தால் சிவப்பாக நனைந்திருந்தது.

"வாப்பா, இதுக்கு என்னத்த குடுத்தீங்க?" என்று மகள் கேட்டாள். சொன்னேன்.

"ஆடு திங்கிறதெல்லாம் இதும் திங்குமெண்டு யாரு சொன்ன?" என்று மனைவி ஏசினாள். மகள் ஏசவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

வெங்காயம் இதற்கு நஞ்சு, விடிந்ததும் கொண்டு வாருங்கள் என்று மிருக வைத்தியர் போனில் சொன்னார். அவர் இருக்கும் புத்தளத்துக்கு முதல் பஸ் சுபஹுத் தொழுகைக்குப் பிறகுதான்.

வைத்த புல் வைத்தபடி இருக்கிறது. மகள் கினிப்பிக்கை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருக்கிறாள். "நீங்க போய்ப் படுங்க வாப்பா" என்கிறாள். எப்படிப் படுப்பது? அதன் வயிறு ஏறி இறங்குவதை இங்கிருந்தே பார்க்கிறேன். யா அல்லாஹ், அது நின்றுவிட்டால் இவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்.