கிளம்பிய சத்தம் கேட்கவில்லை

ஜூன் 4

அன்புள்ள இன்ஜினியருக்கு,

முதலில் உறுதியான செய்தி. நீ முன்பணம் கட்டியிருக்கும் சாம்பல் நிறக் கார், தொழிற்சாலையிலிருந்து இனிமேல் வரப்போகும் வண்டி அல்ல. கோடை தொடங்கியதிலிருந்து ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் பார்வைக்கு நிற்கும் வண்டி. சொன்னவர் அங்கே பணிமனைத் தலைவர். இன்று பிற்பகல் அவருடைய மேசையில் வைத்தே சொன்னார். மனிதர் நேர்மையானவர், கேட்டதும் சொல்லிவிட்டார். இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நீ மலை ஊருக்கு மாற்றலாகிப் போய் நாலு வருஷம். இத்தனை நாளில் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் ஒரு காரைப் பற்றியது. புகார் இல்லை, தகவலாகச் சொல்கிறேன். "பெட்ரோலிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும் சொகுசு வண்டி. முப்பது வருஷம் ஆபீஸ் ஜீப்பில் குலுங்கிய முதுகுக்கு ஒரு நல்ல இருக்கை வேண்டும். ஆனால் மழையில், பாலமும் ஆளும் இல்லாத பாதையில் நடுவழியில் காலை வாருமா? விசாரித்து எழுதுங்கள்" என்று கேட்டிருந்தாய். ஷோரூமும் இந்த ஊரில், நானும் இந்த ஊரில். விசாரித்தேன்.

நம் பழைய வண்டிக்குக் கடைசிவரை வைத்தியம் பார்த்த மெக்கானிக்கை நினைவிருக்கிறதா, ஊரே சித்தப்பா என்று கூப்பிடுமே, அவரிடம் போனேன். ஒரு சொகுசுக் காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பேசினார்.

"இன்ஜின் போச்சுன்னு எங்கிட்ட வர்றது கம்மி சார். சீட்டு நகரலை, திரை கறுத்துப்போச்சு, கதவுக் கைப்பிடி உள்ள போயிட்டு வெளிய வரமாட்டேங்குது, இதுக்குத்தான் வர்றாங்க. காசு இருக்கேன்னு கண்டதையும் மாட்டினா கண்டதும் கெடும்."

"ரெண்டு இயந்திரம்னா ரெண்டு தொல்லை இல்லையா?"

"ரெண்டு பேர் சுமந்தா ஆளுக்குப் பாதி பாரம்னும் சொல்லலாமே. மெதுவாப் போறப்போ மின்சாரம் இழுக்குது, மேடு ஏறுறப்போ பெட்ரோல் கைகொடுக்குது. இறக்கத்துல மோட்டாரே வேகத்தைப் பிடிச்சுக்கறதால பிரேக்கும் அவ்வளவு தேயாது."

"அப்ப எதுதான் கெடும்?"

"சும்மா நின்னா கெடும் சார். பெரிய பாட்டரி பின்னாடி நிறைஞ்சு கிடக்கும். ஆனா அதை எழுப்பிவிடறது ஒரு சின்ன பாட்டரி. அது இறங்கிப்போச்சுன்னா அவ்வளவு பெரிய வண்டியும் பொம்மை."

இதைப் பணிமனைத் தலைவரும் தனியாக ஒப்புக்கொண்டார். ஆக, இரண்டு ஆதாரம். இந்த வகை வண்டி ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவது அதிகம். உன் சாம்பல் நிறக் கார் மாதக்கணக்கில் நின்றிருக்கிறது.

அடுத்து என்ன பார்க்க வேண்டும், எழுது.

உன்
நிருபர்

•

ஜூன் 9

நிருபர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்ல வேலை. "நின்று கெடுவது" என்ற சொற்களுக்கு அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். வண்டியைப் பற்றி மட்டும்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போன் செய்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்குமே, ஏன் கடிதம் என்று நினைத்திருப்பீர்கள். காரணம் உங்களுக்கே தெரியும். போனில் நீங்கள் வேறு ஆள். என் முதல் பாலத்தின் திறப்பு விழா அன்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் "கிளம்பிட்டேன்" என்றீர்கள். முதல் தடவை பின்னால் குளியலறைக் குழாய்ச் சத்தம் கேட்டது. மூன்றாவது தடவை ஆபீஸ் தட்டச்சுச் சத்தம். நீங்கள் வந்து சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லாரிக்காரர், "வாங்க சார், ஒரு கை பிடிங்க" என்றார். பிடித்தீர்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் எழுத்தில் நீங்கள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஒரு எண்ணைச் சரிபார்க்கப் பத்துப் பேரை எழுப்புவீர்கள். அதனால்தான் கடிதம்.

இனி வேலை. நான் ஒரு பாலத்தைப் பார்க்கப் போனால் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, முதலில் எது போகும் என்று பார்ப்பேன். இங்கேயும் அதுதான் என் கேள்வி. பின் இருக்கைக்குப் பக்கத்தில் பெரிய பாட்டரிக்குக் காற்று போகும் துவாரம் இருக்குமாம். அதில் தூசி அடைத்தால் சூடேறும் என்று படித்தேன். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடிகிறதா, பாருங்கள். பாட்டரிக்கான உத்தரவாதத்தில் மலைப்பாதைக்கு விலக்கு ஏதும் உண்டா? பொடி எழுத்தையும் படியுங்கள்.

எங்கள் உதவிப் பொறியாளன் தினமும் வந்து பயமுறுத்துகிறான். "மேடம், சாதா பெட்ரோல் வண்டியே போதும் மேடம். இது கெட்டா மேல இருக்கிற ஊர்ல தொடக்கூட ஆள் இருக்காது" என்கிறான். அவன் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. இருபத்திரண்டாம் தேதிக்குள் நான் முடிவு சொல்லாவிட்டால் வண்டி வேறு ஒருவருக்குப் போய்விடும். சேமிப்பு மொத்தமும் இதில்தான். இன்னொரு தடவை தப்பான இடத்தில் நம்பிக்கை வைக்க எனக்குத் தெம்பில்லை.

ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். வெளியே சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்ஜினியர்

•

ஜூன் 14

அன்புள்ள இன்ஜினியருக்கு,

வாங்காதே.

இன்று காலை ஷோரூமில், நான் ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே நடந்தது: கார் கிளம்பவில்லை. கண்ணால் கண்டது, கையால் அழுத்தியது.

விவரம். பிரேக்கில் காலை வைத்து, கிளப்பும் பொத்தானை அழுத்தினேன். திரை ஒளிர்ந்தது. வேகமானி பூஜ்யத்தில் நின்றது. இடது ஓரத்தில் பச்சை எழுத்தில் 'தயார்' என்று வந்தது. இயந்திரச் சத்தம் இல்லை. காத்திருந்தேன். மறுபடி அழுத்தினேன், திரை அணைந்தது. இப்படியே மூன்று முறை. மூன்று முறையும் அதே பச்சை எழுத்து, அதே அமைதி.

விற்பனைக்காரர் காதில் போனோடு இன்னொரு வாடிக்கையாளரைச் சமாளித்துக்கொண்டிருந்தார். "கிளம்பலையே" என்றேன். போனைப் பொத்திக்கொண்டு, "ரொம்ப நாள் நின்ன வண்டி சார், சின்ன பாட்டரி இறங்கியிருக்கும், பார்க்கச் சொல்றேன்" என்றார். நான் முன்பே எழுதியதும் அதுதானே. இரண்டு ஆதாரம் சேர்ந்துவிட்டது. சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ கேட்ட மற்றவை: காற்றுத் துவாரத்தின் வலையைக் கையாலேயே கழற்றலாம், கழற்றிப் பார்த்தேன். உத்தரவாதம் எட்டு வருஷம். பொடி எழுத்தை ஓட்டலில் இருந்த பெரியவரின் பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிப் படித்தேன். மலைக்கு விலக்கு இல்லை. வெள்ளத்தில் மூழ்கினால்தான் விலக்கு. ஓட்டலில் டீ மட்டும்தான் குடித்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளம்பாத வண்டியை நம்பி நீ மலையில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உன்
நிருபர்

•

ஜூன் 17

திருத்தம்

ஜூன் 14 தேதியிட்ட கடிதத்தில், கார் கிளம்பவில்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு. கார் கிளம்பியிருந்தது.

இன்று பணிமனைத் தலைவர் கூப்பிட்டனுப்பி, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். நான் விடவில்லை. உட்கார்ந்து அழுத்திக் காட்டினேன். இரண்டாவது தடவை கையைக் கொண்டுபோகும்போது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அணைக்காதீங்க."

"எதை?"

"அது அப்பவே கிளம்பிடுச்சு சார். முதல்ல மின்சாரத்துல நிக்கும், சத்தம் வராது. நீங்கதான் கிளம்பினதை அணைச்சு அணைச்சு விட்டிருக்கீங்க. கியரைப் போட்டுட்டு, காலைப் பிரேக்குல இருந்து எடுங்க."

எடுத்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த தூண் மெல்லப் பின்னால் போனது. தூண் நகராது என்பதால் நான்தான் போய்க்கொண்டிருந்தேன்.

விற்பனைக்காரர் வண்டியைப் பார்க்காமலே, என் சந்தேகத்தை என்னிடமே திருப்பிச் சொல்லியிருக்கிறார். அதை இரண்டாவது ஆதாரமாக எண்ணிக்கொண்டேன். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் செய்யும் பிழை. நீ இதற்குள் வண்டியை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஷோரூமுக்கு நான் பேசுகிறேன். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

நிருபர்

•

ஜூன் 18

நிருபர் அவர்களுக்கு,

உங்கள் "வாங்காதே" நேற்று வந்தது. படித்ததும் ஷோரூமுக்கு ரத்துக் கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். எழுத்தில் நீங்கள் தவறியதில்லையே.

இன்று காலை மறுபடி படித்தேன். பச்சை எழுத்தில் 'தயார்' என்று வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவையும் என்று.

ஆபீஸில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உதவிப் பொறியாளன் எட்டிப் பார்த்து, "மேடம், எல்லாம் ஓகேவா?" என்று கேட்டான். "ஒண்ணுமில்லப்பா, வீட்டுக்காரர் கார் ஓட்டியிருக்கார்" என்றேன். வீட்டுக்காரர் என்ற சொல் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவனும் அதை விட்டுவிடாமல், "சார் இருக்காரா மேடம்?" என்றான். மூன்று வருஷமாக என்னுடன் வேலை செய்கிறவன் கேட்கிற கேள்வி.

சின்ன பாட்டரி செத்திருந்தால் திரையே வந்திருக்காது. தயார் என்று வந்தால் வண்டி கிளம்பிவிட்டது என்று பொருள். பாவம், அது மூன்று தடவை உங்களிடம் சொல்லியிருக்கிறது. சத்தம் வராததால் நீங்கள் நம்பவில்லை. எனக்குப் பழக்கமானது இதற்கு நேர் எதிர். சத்தம் வரும், வண்டி வராது.

உங்கள் முடிவு தப்பு, தகவல் சரி. உங்களுக்கே புரியாத ஒரு விவரத்தைக்கூட விடாமல் எழுதினீர்களே, அதை வைத்துத்தான் என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. ரத்துக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். வண்டியை வாங்குகிறேன்.

இதை மடிக்கப்போகும்போது உங்கள் திருத்தம் கூரியரில் வந்து சேர்ந்தது. யாரும் கேட்காமலே, எழுதியது தவறு என்று நீங்களே எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்தேன். 'நிருபர்' என்று மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். முந்தைய இரண்டிலும் 'உன்' இருந்தது. விட்டுப்போனது என்று நினைக்கிறேன்.

வண்டியை இருபத்தேழாம் தேதி கொடுப்பார்களாம். எனக்கு அன்று ஆய்வு இருக்கிறது, இறங்கி வர முடியாது. நீங்கள் ஓட்டிக்கொண்டு வருவீர்களா? ஆறு மணி நேரப் பாதை. சின்ன பாட்டரியைப் புதிதாக மாற்றச் சொல்லி, மாற்றியதை நின்று பாருங்கள். நான் ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பேன்.

ஒரே நிபந்தனை. வழியில் எங்கிருந்தும் போன் செய்யக் கூடாது. குறிப்பாக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே கூடாது.

இன்ஜினியர்

•

ஜூன் 27
உன் வீட்டு வாசல்

அன்புள்ள இன்ஜினியருக்கு,

முதலில் உறுதியான செய்தி. வந்து சேர்ந்துவிட்டேன். ஆதாரம்: இந்த உறையில் தபால்தலை இல்லை. கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வண்டியில் போய் உட்காரப்போகிறேன். மணி இன்னும் நாலு ஆகவில்லை. நான் ஓர் இடத்துக்கு முன்கூட்டியே வந்தது இதுதான் முதல் முறை. இங்கே என்ன செய்வது என்று தெரியாததால் எழுதுகிறேன்.

சின்ன பாட்டரியை என் கண் முன்னால் மாற்றினார்கள். பழையதையும் கேட்டு வாங்கிப் பின்னால் போட்டிருக்கிறேன், நீ சரிபார்க்கலாம்.

வண்டி எப்படி ஓடியது என்று கேட்பாய். ஊருக்குள் பூனைபோல வந்தது. ஏற்றம் ஆரம்பித்ததும் பெட்ரோல் இயந்திரம் விழித்துக்கொண்டது. எந்த இடத்தில் ஒன்று விட்டது, எந்த இடத்தில் மற்றது பிடித்தது என்று கவனித்துக்கொண்டே வந்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாவது வளைவுக்கு மேல் மூடுபனி. பயந்தேன். வண்டி பயப்படவில்லை. உன் முதல் பாலத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவருக்குப் புதிதாக வண்ணம் அடித்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் அங்கே பார்த்தது நாற்காலிகளை மட்டும்தான். பாலம் நன்றாக இருக்கிறது. உனக்குப் பிடிக்காத சொல் என்று தெரியும், ஆனால் அழகாக இருக்கிறது.

குறை ஒன்று. ஓட்டுநர் இருக்கை தானாகப் பின்னால் நகர்ந்து எனக்கு வழிவிடுகிறது. இவ்வளவு மரியாதை எனக்குப் பழக்கமில்லை. சித்தப்பா சொன்னதுபோல் இதுதான் முதலில் கெடும் என்று நினைக்கிறேன்.

இரண்டு விஷயங்கள் இன்னும் முடிவாகவில்லை.

ஒன்று. மலை ஊரில் நிருபர் இல்லை என்று எங்கள் ஆசிரியர் இரண்டு வருஷமாகப் புலம்புகிறார். நான் போகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் திங்கட்கிழமை வரும். சம்மதிப்பார் என்கிறது ஒரு வட்டாரம். ஒரே வட்டாரம் என்பதால் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

மற்றது உன் கையில். பின் இருக்கையில் என் பெட்டி இருக்கிறது. திரும்பிப் போக பஸ் டிக்கெட் எடுக்கவில்லை. வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்வேன், கடைசி பஸ் எட்டரைக்கு. விசாரித்துவிட்டேன்.

நீ ஐந்து மணிக்கு வருவாய், அல்லது ஏற்கெனவே உள்ளே இருக்கிறாயோ என்னவோ. சமையலறை ஜன்னல் திறந்திருக்கிறது. உள்ளேதான் இருக்கிறாய் என்றால், வண்டி வந்த சத்தம் உனக்குக் கேட்டிருக்காது. அது வண்டியின் குறை இல்லை.

வாசலில்தான் நிற்கிறேன். பச்சை எழுத்து எரிந்துகொண்டிருக்கிறது. இந்த முறை அணைக்கவில்லை.

உன்
நிருபர்